விளக்குக்குப் பூட்டு எதற்கு?

மகிழுந்தில் அமைந்துள்ள உறுப்புகளுள் பெரும்பாலானவை அதற்குள் இருப்பவருக்கு மட்டுமே பயன்படுவன. இருக்கை கிழிந்தால் அமர்பவருக்குத் துன்பம். குளிர்சாதனம் பழுதானால் உள்ளிருப்பவருக்குப் புழுக்கம். இயந்திரம் நின்றால் உடையவருக்குச் செலவு. முன்விளக்கின் இயல்பு இவற்றினின்றும் வேறுபட்டது. வண்டியைச் செலுத்துபவருக்கு அது வழி காட்டுகிறது. அதனோடு எதிரே வருபவருக்கு வண்டியின் வரவை அறிவிக்கவும் வேண்டும். அவர்தம் கண்ணைக் கூசச் செய்யாமல் தாழ்ந்து ஒளிரவும் வேண்டும். இரவு நேரத்தில் தோட்டப்புறச் சாலையில் மிதிவண்டியில் வரும் தொழிலாளியும், நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடந்து செல்லும் முதியவரும் பிறருடைய வண்டி விளக்கை நம்பியே வீடு திரும்புகின்றனர். ஆகவே, முன்விளக்கைச் சீராக வைத்திருத்தல் உடையவரின் விருப்பத்திற்கு விடப்பட்ட செயலாகாது. முகமறியாத மனிதர்க்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.

அந்தக் கடனைச் செலுத்த முன்வருபவரை இன்று தடுத்து நிறுத்துவது எது? விரல் நுனியளவே உள்ள ஒரு திருகாணி. விளக்கைக் கழற்ற முற்படும் ஒருவர், வீட்டிலுள்ள திருப்புளி எதற்கும் இணங்காத ஆறிதழ்க் குழி ஒன்றினைக் காண்கிறார். சில திருகாணிகளில் அக்குழியின் நடுவே ஒரு முள்ளும் நிற்கிறது. 'உன் கை இங்கே வரலாகாது' என்று அது சொல்லாமற் சொல்கிறது. இத்தடை முறையானதா? முறையன்று என்பதே இக்கட்டுரையின் முடிபு. ஆயினும், பழி முழுவதையும் உற்பத்தியாளர் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. எந்தத் திருகாணிக்கு எந்த முனை பொருந்தும் என்பதை அறிய மறுக்கும் பட்டறைக்கும், அதனைக் கற்பிக்க மறந்த வகுப்பறைக்கும் அப்பழியில் பங்கு உண்டு.

தலைகள் பலவான கதை

திருகாணித் தலைகளின் வடிவங்கள் பலவாகப் பெருகியமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒற்றைக் கோடு கீறிய பழைய தலையில் திருப்புளி எளிதில் பக்கவாட்டில் நழுவும், கையையும் கிழிக்கும். இக்குறையைப் போக்கவே கனடா நாட்டைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன் 1908-ஆம் ஆண்டில் சதுரக் குழி கொண்ட தலையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் கூட்டல்குறி வடிவத் தலைக்கு 1936-இல் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலையில் விரைந்து ஓடும் இயந்திரத் திருப்புளியின் முனை தானாகவே குழியின் நடுவில் சென்று அமர்வதற்கு அவ்வடிவம் ஏற்றதாக இருந்தது. காடிலாக் மகிழுந்துத் தொழிற்சாலை அதனை முதலில் ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று.

பிலிப்ஸ் தலைக்கும் ஒரு குறை இருந்தது. அதன் குழியின் சுவர்கள் சரிந்தவை. முறுக்கும் விசை மிகும்போது முனை மேலெழுந்து குழியை விட்டு வெளியேறிவிடும். அடிக்கடி அவ்வாறு நேர்ந்தால் குழி தேய்ந்து வட்டமாகிவிடும். இதற்கு மாற்றாக, காம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் 1967-இல் 'டார்க்ஸ்' எனப்படும் ஆறிதழ் வடிவத்தை வெளியிட்டது. அதன் சுவர்கள் நேராக நிற்பவை. ஆகவே, முனை மேலெழாது. விசை முழுவதும் திருகாணிக்கே சென்று சேரும். நெகிழியால் ஆன விளக்குக் கூட்டினை அளவறிந்து இறுக்குவதற்கு இத்தகைய தலை நல்லது என்பதில் ஐயமில்லை.

எனவே, ஆறிதழ் வடிவத்தின்மீது எவருக்கும் பகை இல்லை. ஒரு பொருளை நன்றாக இறுக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதை, உடையவரை வெளியே நிறுத்துவதற்கான பூட்டாக மாற்றியதே கண்டிக்கத்தக்கது. நடுவில் முள் வைத்த தலைக்கு இறுக்கும் ஆற்றல் சிறிதும் கூடுவதில்லை. அம்முள் செய்யும் பணி ஒன்றே ஒன்று: இயல்பான முனையை உள்ளே விடாது தடுத்தல்.

'எதை வைத்துத் திருகினால் என்ன?'

இனி, மறுபக்கத்துப் பிழையைக் காணலாம். 'எதையாவது வைத்துத் திருகினால் கழன்றுவிடும்' என்னும் எண்ணம் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் விளைக்கும் கேடு கொஞ்சமன்று.

ஆறிதழ் முனைகளுள் டி 20 என்பதன் அகலம் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர், டி 25 என்பதன் அகலம் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர். வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. டி 25 குழியில் டி 20 முனை தாராளமாக நுழையும். சிறிது பிடிப்பது போலவும் தோன்றும். வலுவாகத் திருகியவுடன் ஆறு இதழ்களும் மழுங்கிப்போகும். அறுகோணச் சாவியை ஆறிதழ்க் குழிக்குள் அடித்து இறக்குவோரும் உளர். அவர்கள் அத்திருகாணியை ஒருமுறை கழற்றக்கூடும். அடுத்த முறை கழற்றுபவருக்கு ஒன்றும் எஞ்சியிராது.

கூட்டல்குறித் தலையிலும் இத்தகைய மறைகுழி உண்டு. ஜப்பானியத் தொழில்தர அளவையான ஜே.ஐ.எஸ். முறைப்படி செய்யப்பட்ட திருகாணி, பார்வைக்குப் பிலிப்ஸ் திருகாணியைப் போன்றதே. ஆயினும், இரண்டின் குழி வளைவும் ஒன்றல்ல. ஜப்பானியத் திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இடப்பட்டிருக்கும், அதுவே அடையாளம். அதனுள் பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தினால், முனை அடிவரை சென்று பொருந்தாமல் மேலெழுந்து குழியைச் சிதைக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டுகளாக ஓடிய வண்டிகளுள் மிகப்பல ஜப்பானில் பிறந்தவை. அல்லது ஜப்பானிய வடிவமைப்பைத் தழுவியவை. 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா மிட்சுபிஷியின் வழிவந்தது; 1994-இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சுவின் வழிவந்தது. அவ்வாறிருந்தும், இரண்டு முனைகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்து வைத்திருப்போர் எத்தனை பேர்? 'திருகாணி துருப்பிடித்துவிட்டது' என்று பழி கூறுவோரே பலர். துரு செய்யாத குற்றங்களும் துருவின் தலையில் ஏற்றப்பட்டுள்ளன.

திருகாணி மழுங்கியபின் நிகழ்வதைப் பட்டறைகளில் காணலாம். உளியும் சுத்தியலும் வருகின்றன. அடி தாங்காமல் விளக்குக் கூட்டின் காது உடைகிறது. கூட்டில் விரிசல் கண்டால் மழைநீர் உட்புகுகிறது. உள்ளிருக்கும் ஒளிதெறிப்பான் மங்குகிறது. கடைசியில், சில காசு பெறும் திருகாணிக்காக விளக்கு முழுவதும் மாற்றப்படுகிறது. பொருத்தமான முனை ஒன்று கையில் இருந்திருந்தால் இவற்றுள் ஒன்றேனும் நிகழ்ந்திருக்குமா?

ஒரு பாகைப் பிழையின் விலை

முன்விளக்கில் இருவகைத் திருகாணிகள் உண்டு. ஒருவகை, விளக்கைப் பிடித்து வைப்பது. மற்றொருவகை, ஒளிக்கற்றை செல்லும் திசையைத் திருத்துவது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாமல் கைவைப்பது பெருந்தவறு. பழங்கால வட்ட விளக்குகளில், பிடிவளையத்தின் சிறு திருகாணிகளைக் கழற்றுவதற்குப் பதிலாகத் திசைத் திருகாணிகளைத் திருகிவிட்டு, ஒளி ஏன் மரக்கிளையை நோக்குகிறது என்று திகைத்தவர் பலர். இக்கால விளக்குகளில் திசைத் திருகாணி பெரும்பாலும் நெகிழிப் பற்சக்கரத்தோடு இணைந்துள்ளது. பொருந்தாத முனையால் அதனை வலிந்து திருகினால் பல் நொறுங்கும். அதன்பின் எவ்வளவு திருகினும் ஒளி அசையாது.

திசை பிறழ்வதால் விளையும் தீங்கினைக் கணக்கிட்டுப் பார்த்தல் மாணவர்க்கு அரிதன்று. விளக்கின் நடுவிடம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்க. தாழ்ஒளியின் மேல்விளிம்பு 1 விழுக்காடு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 10 சென்டிமீட்டர் வீதம் இறங்கி, 65 மீட்டரில் தரையைத் தொடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு அதனால் இடரில்லை. அதே விளிம்பு 1 விழுக்காடு மேல்நோக்கி எழுந்திருந்தால், 50 மீட்டர் தொலைவில் அதன் உயரம் 115 சென்டிமீட்டர். மகிழுந்தில் அமர்ந்து வருபவரின் கண்கள் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. சரியான நிலைக்கும் இந்தப் பிழையான நிலைக்கும் இடையே உள்ள கோணம் ஒரு பாகையைச் சற்றே தாண்டும். சிறு திருப்பம், ஆனால் எதிரே வருபவர் நொடிப்பொழுது குருடாகிறார். அந்த நொடியில் அவர் வண்டி கடக்கும் தொலைவில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

சிங்கப்பூரில் 3 ஆண்டுகள் கடந்த மகிழுந்துகள் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டுகள் கடந்தவை ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படுகின்றன. மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகள் உரிமை மாற்றம் போன்ற வேளைகளிலேயே பெரும்பாலும் சோதனைக்குச் செல்கின்றன. இடைப்பட்ட காலமெல்லாம் விளக்கைக் காக்கும் பொறுப்பு உடையவர் கையில்தான் உள்ளது. பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்குரிய கருவியை அவரிடமிருந்து மறைப்பது எவ்வகை நீதி?

சட்டம் சொல்வது என்ன?

'விளக்கைத் திறப்பது வல்லுநர் வேலை. பொதுமக்கள் அதில் தலையிடலாகாது' என்று கூறுவோர், வண்டி விளக்குகளுக்கென வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளை நோக்குதல் நன்று. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 48-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, மின்னிழைக் குமிழ் கொண்ட விளக்குகளைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வல்லுநர் துணையின்றியும், வண்டியோடு உற்பத்தியாளர் வழங்கிய கருவிகளைத் தவிர வேறு தனிக்கருவி இன்றியும், குமிழை மாற்றக்கூடியவாறு விளக்கு பொருத்தப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. மாற்றும் முறையை விளக்கும் குறிப்பினையும் உற்பத்தியாளர் வழங்குதல் வேண்டும். இத்தகைய ஒழுங்குமுறைகளுக்கு அடிப்படையான 1958-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா 2006-இல் இணைந்தது. அமெரிக்காவின் 108-ஆம் எண் பாதுகாப்புத் தரமும், கருவியின்றி அகற்றத்தக்க மூடிகளைத் தவிர வேறு எந்த உறுப்பையும் கழற்றாமலே ஒளியின் திசையைத் திருத்த இயலுதல் வேண்டும் என்கிறது.

இவ்விதிகளின் உட்கிடக்கை யாது? விளக்கு உடையவரின் கைக்கு எட்ட வேண்டும் என்பதே. ஆயின், அதே ஒழுங்குமுறையில் விலக்கும் உண்டு. மாற்ற இயலாத ஒளிமூலம் கொண்ட விளக்குகளுக்கும், வாயு மின்னிறக்க விளக்குகளுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இவ்விலக்கின் வழியாகவே இன்று பல வண்டிகள் வெளிவருகின்றன. எல்.இ.டி. விளக்குக் கூடு முழுவதும் ஒட்டி மூடப்படுகிறது. உள்ளே ஒரு சிறு பகுதி பழுதானாலும் கூடு முழுவதையும் வாங்க நேர்கிறது. கூட்டைக் கழற்ற வேண்டுமாயின் முன்தடுப்பையே அகற்ற வேண்டிய வண்டிகளும் உள்ளன. விதி ஒரு வாயிலைத் திறந்தது. வணிகம் அதன் பக்கத்துச் சுவரில் துளையிட்டு வெளியேறிவிட்டது.

இதற்கு மாறான காலமும் இருந்தது. அமெரிக்காவில் 1940 முதல் பல ஆண்டுகள் எல்லா மகிழுந்துகளுக்கும் 7 அங்குல வட்ட மூடிய விளக்கு ஒன்றே உரியதாக இருந்தது. எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் அது கிடைத்தது. சில திருகாணிகளைக் கழற்றினால் பழையது வெளியே வரும். புதியது உள்ளே அமரும். அதன் ஒளி இக்கால விளக்குகளின் ஒளிக்கு ஈடாகாது என்பது மெய்யே. மாற்றத்தக்க குமிழ் கொண்ட விளக்குகளுக்கு 1983-இல் அந்நாடு இசைவளித்ததும், வண்டிக்கு வண்டி வேறுபட்ட கூடுகள் தோன்றலாயின. ஒளி வளர்ந்தது, எளிமை தேய்ந்தது. இரண்டும் சேர்ந்து வாழ இயலாதவையா? 1971-இல் வந்த எச் 4 குமிழ் அதற்கு விடை கூறுகிறது. பல வண்டிகளில் ஒரு ரப்பர் மூடியை இழுத்து, ஒரு கம்பிப் பிடியை விலக்கினால் அக்குமிழ் கையோடு வந்துவிடுகிறது. திருகாணியும் வேண்டா; திருப்புளியும் வேண்டா. நல்ல ஒளியும் எளிய பராமரிப்பும் ஓரிடத்தில் அமையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுப்பும் விடையும்

உற்பத்தியாளர் தரப்பில் கூறப்படும் காரணங்கள் மூன்று. மூன்றையும் ஆராய்தல் முறை.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு. வாயு மின்னிறக்க விளக்கு ஒளிரத் தொடங்கும்போது அதில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும். அறியாதவர் அதனைத் திறத்தல் ஆபத்தே. அவ்வகை விளக்கின் மின்பகுதிக்கு மட்டும் காப்புத் திருகாணியும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கட்டும். அதனை மறுப்பார் இல்லை. ஆனால், 12 வோல்ட் மின்னில் எரியும் சாதாரண ஹாலோஜன் விளக்குக்கு இந்தக் காரணம் எங்ஙனம் பொருந்தும்? அங்கே வேண்டுவன இரண்டே எச்சரிக்கைகள்: விளக்கை அணைத்து ஆறவிடுதல், குமிழின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதிருத்தல். விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறிக் குமிழின் வாழ்நாளைக் குறைக்கும். இவ்விரண்டையும் ஒரு பள்ளி மாணவரும் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது, திருட்டு. முள் வைத்த திருகாணி திருடரைத் தடுக்கும் என்கின்றனர். நடுவில் துளையிட்ட முனைகள் கருவிக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. திருடுவதையே தொழிலாகக் கொண்டவர் அதனை வாங்கி வைத்திருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை விளக்கைத் திறக்கும் நேர்மையான உடையவரிடம்தான் அது இராது. கள்வருக்குத் திறந்தும் உரியவருக்கு மூடியும் இருக்கும் கதவு காவலாகுமா?

மூன்றாவது காரணமே வலிமை மிக்கது. விளக்கு எளிதில் திறக்கப்படுமாயின், ஹாலோஜன் கூட்டினுள் பொருந்தாத பேரொளிக் குமிழைப் புகுத்தி, எதிரே வருபவரின் கண்ணைப் பறிப்போர் பெருகுவர் என்பது அது. இத்தீமை உண்மையில் சாலைகளில் உள்ளது. ஆயினும், திருகாணியின் முள் அதனைத் தடுத்ததா? தடுக்கவில்லை. பிறருக்கு ஊறு செய்யத் துணிந்தவர் பத்து வெள்ளிக் கருவிக்கு அஞ்சுவாரா? அவரை அடக்க வேண்டியவை சாலைச் சோதனையும் தண்டமுமே. தீயவர் சிலரின் செயலைக் காட்டி, ஒளியைத் தாழ்த்தித் திருத்த விரும்பும் நல்லவர் பலரையும் வெளியே நிறுத்துவது, மருந்தை நோயாளியிடமிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

பெயரில்லாக் கருவி

இச்சிக்கலில் தமிழ் வகுப்பறைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வேலை உண்டு. தமிழ் பேசும் பட்டறைகளில் 'ஸ்டார்' என்னும் ஒரே சொல், கூட்டல்குறிக் குழிக்கும் ஆறிதழ்க் குழிக்கும் வழங்கப்படுவதுண்டு. 'ஸ்டார் எடுத்து வா' என்று மூத்தவர் சொன்னால், இளையவர் எதனை எடுத்து வருவார்? ஒரு பெயரில் இரண்டு கருவிகள் மயங்கும்போது, குழியும் முனையும் மயங்குகின்றன, திருகாணி மழுங்குகிறது. சொல்லின் குழப்பம் இரும்பிலும் வந்து முடிகிறது.

தமிழில் சொல் இல்லையோ? 'திருகு' என்னும் வினையிலிருந்து திருகாணி பிறந்தது. அதனைத் திருகும் கருவிக்குத் திருப்புளி என்னும் பெயரும் உண்டு. கோட்டுத் தலை, கூட்டல் தலை, சதுரத் தலை, அறுகோணத் தலை, ஆறிதழ்த் தலை, முள்தலை எனக் குழியின் வடிவத்தைக் கொண்டே பெயரிட்டால், கேட்டவுடன் கண்முன் தோன்றும். தொழிலாளிக்குப் பழகிய 'பிலிப்ஸ்', 'டார்க்ஸ்' போன்ற பெயர்களையும் இவற்றோடு சேர்த்தே கற்பிக்கலாம். கருவியின் உறையில் அப்பெயர்களே அச்சிடப்பட்டிருத்தலால் அவற்றை ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. இன்னும் வேண்டுவது, அச்சொற்களை மாணவர் ஏட்டில் எழுதுவதோடு நின்றுவிடாமல், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுதல். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் உள்ளது. அப்பாட ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மணி நேரம் கூடி அமர்ந்தால், ஒரு மேசைமீது பத்துத் திருகாணிகளைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் உரிய முனையைத் தேர்ந்து, அதன் பெயரையும் தேர்வின் காரணத்தையும் மாணவர் வாயாலேயே கூறச் செய்யலாம். 1 விழுக்காட்டுச் சரிவின் கணக்கைக் கணித ஆசிரியர் சொல்லிக் கொடுக்கலாம். கட்டுரைத் தலைப்புக்குப் பஞ்சம் என்று வருந்தும் வகுப்புகளுக்கு இதனினும் நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

செய்யத்தக்கவை

உற்பத்தியாளர் செய்ய வேண்டுவன மூன்று. உயர் மின்னழுத்தம் இல்லாத விளக்குகளில் முள்தலைத் திருகாணியைக் கைவிடுதல். விளக்கைக் கழற்றவும் திசை திருத்தவும் வேண்டிய முனைகளின் வடிவையும் அளவையும் பயனர் கையேட்டில் அச்சிடுதல். அம்முனைகளை வண்டியின் கருவிப் பையிலேயே வைத்தல். சக்கரத்தை மாற்றும் சாவியை வண்டியோடு வழங்கிப் பழகியவர்களுக்கு, சில வெள்ளி பெறும் முனைகளை வழங்குவது பெருஞ்சுமை ஆகாது. ஒட்டி மூடிய கூடுகளைச் செய்வோர், உள்ளிருக்கும் பகுதிகளைத் தனித்தனியே மாற்றும் வழியையும் வைத்தல் வேண்டும். வண்டி ஓடும் காலத்திற்கு முன்பே விளக்கு மடியுமானால், அதன் சுமையை வாங்கியவர் மட்டும் தாங்குவது அறமன்று.

பட்டறையினர் குழியைத் தூய்மை செய்து, அதன் வடிவத்தை நோக்கி, முனை அடிவரை ஆடாமல் அமர்கிறதா என்று பார்த்த பின்னரே விசை கொடுத்தல் வேண்டும். திருத்தும் பணி முடிந்ததும் சமதரையில் வண்டியை நிறுத்திச் சுவரில் ஒளியின் மேல்விளிம்பைப் பார்த்தல் வேண்டும். வண்டி உடையவரும் இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாத இடத்தில் எவரும் தாமாக முன்வந்து செய்வதில்லை.

ஆசிரியர் செய்ய வேண்டுவது மிக எளிது. ஒரு திருப்புளிப் பிடியும், வடிவுக்கு ஒன்றாகச் சில முனைகளும் வகுப்பறை அலமாரியில் இடம்பெறட்டும். அவற்றைப் பெயர் சொல்லி அழைத்து, பொருத்திப் பார்த்து, பிழை கண்டு திருத்தப் பழகிய மாணவர், நாளை விளக்குக் கூட்டின் முன் நிற்கும்போது உளியைத் தேட மாட்டார். 'இந்தப் பூட்டு இங்கே ஏன்?' என்று உற்பத்தியாளரை நோக்கிக் கேட்கும் துணிவும் அவருக்கு இருக்கும். கருவியை அறியாதவர் அந்த வினாவை எழுப்பினால் எவரும் செவிகொடார். அறிந்தவர் எழுப்பினால் விடை கூறியே ஆகவேண்டும்.